எலுமிச்சை சாருக்குக் காய்ச்சல் இல்லை

நோயாளி கிடைப்பது பெரிய காரியமில்லை. ஆரோக்கியமான ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நம்ப முடியாவிட்டால் எங்கள் துறைக்கு வந்து பாருங்கள். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளம் மலேரியா வார்டு, மேல்தளம் மலேரியா ஆராய்ச்சித் துறை. கீழே படுத்திருப்பவர்களின் ரத்தத்தை மேலே கொண்டுவந்து, அதில் வைட்டமின் சி எவ்வளவு இருக்கிறது, உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கிற மற்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் சரக்கெல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் அளக்க வேண்டும். அளந்து எழுதி முடித்தால் எனக்கு டாக்டர் பட்டம். ஆறு வருஷமாக அளந்துகொண்டே இருந்தேன். நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கியதில் பல்கலைக்கழகத்துக்கே அலுத்துப்போய், இந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். என் நாத்தனார் ஃபோன் செய்யும்போதெல்லாம், "இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கீங்களா அண்ணி? நீங்க ஆரம்பிச்சப்போ பிறந்த என் பையன் ஒண்ணாம் கிளாஸ் போயிட்டான்" என்பாள். பக்கத்து வீட்டில் யாராவது "மருமக டாக்டராமே?" என்று கேட்டால் என் மாமியார் சலிக்காமல், "ஆகிக்கிட்டே இருக்கா" என்பார். அதில் கிண்டல் கொஞ்சமும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

என் வழிகாட்டியை எல்லோரும் எலுமிச்சை சார் என்போம். பின்னால் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெரியும், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. முப்பது வருஷமாக அவர் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று. ரத்தத்தில் வைட்டமின் சி நிறைய இருப்பவனிடம் மலேரியா வாலாட்டாது. வைட்டமின் சி குறைந்தவனைத்தான் அது தேடிப்போய்ப் பிடிக்கும். ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிற ஆளும் இல்லை அவர். மேஜைமேல் மாத்திரை ஜாடி ஒன்று இருக்கும். நாமெல்லாம் வேர்க்கடலை தின்பதுபோல் பேச்சுக்குப் பேச்சு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். போகிறபோது அவருடைய கொள்கையை நிரூபித்த ஆய்வு என்று என் ஆய்வைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது ஆசை. ஆசையில் என்ன தப்பு? முடிவைத் தயாராக வைத்துக்கொண்டு என்னிடம் கணக்கை மட்டும் கேட்டார், அதுதான் தப்பு.

கணக்கு அவர் சொன்னபடி வரவில்லை. தலைகீழாக வந்தது.

மலேரியா நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் சி தாராளமாக இருந்தது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் அதைத் தேட வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கீழே வார்டில் படுத்திருப்பவனைப் பார்க்க வருகிற மாமன், மச்சான், சித்தி, பெரியப்பா ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை ஆரஞ்சு. காய்ச்சல்காரனுக்கு வேறு வேலை என்ன? உரித்து உரித்துத் தின்கிறான். எங்கள் ஆரோக்கியமானவர்கள் யார்? துறையின் உதவிப் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், அலுவலக எழுத்தர்கள். கூப்பிட்ட குரலுக்குக் கை நீட்டுகிறவர்கள் இவர்கள்தானே. இவர்கள் காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் டீயும் பிஸ்கட்டும், சாயங்காலம் வெறும் டீயுமாக வாழ்கிறவர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எலுமிச்சை சார் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று சந்தேகம்.

"டியூப எல்லாம் ஃபாயில் சுத்தித்தானே கொண்டுவந்தே? வெளிச்சம் பட்டா வைட்டமின் சி கெட்டுப்போயிடும், தெரியுமில்ல?"

"சுத்தித்தான் சார். ஐஸ்லதான் சார் கொண்டுவந்தேன்."

"அப்போ தப்பு எங்கே?"

"தப்பு இல்ல சார். ஆரஞ்சு."

அவர் எழுந்து நேராக வார்டுக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கோடிக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் சாவகாசமாகச் சாய்ந்து, மடியில் துண்டு விரித்துப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை சார் முப்பது வருஷமாக உலகத்துக்கு எதைச் சாப்பிடச் சொன்னாரோ, அதைச் சாப்பிடுகிற ஒரு மனிதனைக் கண்ணெதிரே பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருய்யா குடுத்தது இது?"

"மச்சான் சார். நல்லாருக்கு. ஒரு சுளை எடுத்துக்கறீங்களா?"

"ரத்தம் எடுக்கற வரைக்கும் இதெல்லாம் தொடக்கூடாது!"

"ரத்தம் போன வாரமே எடுத்துட்டாங்களே சார். இந்தம்மாதான் எடுத்தாங்க."

என்னைக் கை காட்டினார். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசுவலை விளம்பரத்தை அக்கறையாகப் படித்தேன்.

மேலே வந்து ஜாடியிலிருந்து இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டபோது சாருக்கு வழி தெரிந்துவிட்டது. நோயாளிகளை மாற்ற முடியாது. ஆரோக்கியமானவர்களை மாற்றலாமே! டீயிலும் பிஸ்கட்டிலும் கிடக்கிற இந்தச் சோதாக்களை ஆரோக்கியமானவர்கள் என்று யார் சொன்னது? உண்மையிலேயே ஆரோக்கியமான ஆள் ஒருவராவது பட்டியலில் இருக்க வேண்டாமா? சட்டைக் கையைச் சுருட்டி என் முன்னால் நீட்டினார்.

"எடு."

எடுத்தேன். ஆரோக்கியமானவர் என்று ஒருவரைச் சேர்க்க எங்கள் ஆய்வில் ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மலேரியாக் கிருமி இல்லை என்று எழுத வேண்டும். நான் ஊசியோடு அவருடைய விரலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கேவா? என்னைப் பாத்தா தெரியல?"

பார்த்தால் தெரியத்தான் செய்தது. மலேரியாத் துறைத் தலைவருக்கு மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பது, நீச்சல் வாத்தியாரை முங்கத் தெரியுமா என்று கேட்பதுபோல எனக்கும் பட்டது. அவர் முகத்தைப் பார்த்தே 'கிருமி இல்லை' என்று எழுதினேன். அன்றைக்குக் கிளம்பும்போது, "உடம்பெல்லாம் ஒரு மாதிரி வலிக்குது, வயசாயிடுச்சு" என்றார். அதையும் கேட்டேன்.

அவருடைய ரத்தத்தில் இருந்த வைட்டமின் சியைப் பார்த்து இயந்திரமே முதலில் அளக்க மறுத்துவிட்டது. தண்ணீர் கலந்து, பாதியாக்கி, அதிலும் பாதியாக்கி அளந்தேன். வரைபடத்தில் மற்ற ஆரோக்கியமானவர்களெல்லாம் தரையில் கிடக்க, அவர் ஒருவர் மட்டும் ஆகாயத்தில் நின்றார். அவர் ஒருவர் ஏறியதில் ஆரோக்கியமானவர்களின் சராசரி எகிறி, நோயாளிகளின் சராசரியைத் தாண்டிவிட்டது. அந்தக் கொஞ்ச வித்தியாசமே போதும் என்று சார் முடிவு கட்டினார். கொள்கை நிரூபணமானது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். என் கணவர் அன்றைக்கு என்னை உட்கார வைத்து அவரே டீ போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் சாருக்கு நடுக்கம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம், பேசிக்கொண்டிருந்தவர் பல் கிட்டித்து, நாற்காலித் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது. அதற்கப்புறம் குளித்தவர்போல வியர்த்தது. சாயங்காலம் எழுந்து சாதாரணமாக வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை. புதன்கிழமை அதே மதியம், அதே நடுக்கம். வியாழக்கிழமை கல்லுக்குண்டாட்டம் வந்தார். வெள்ளிக்கிழமை மறுபடியும் துண்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்துக்கு, முதலில் குளிர், பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை. இது என்ன என்று தெருவில் போகிற ஆளைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். நாங்கள் தெருவில் போகிறவர்கள் இல்லையே, நிபுணர்கள். நிபுணர்கள் கூடிக் கூடிப் பேசினோம்.

"அந்த ரூம் ஏசிதான். ஓவரா வைக்கறாரு" என்றார் கொசுவின் எச்சிலைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதிய உதவிப் பேராசிரியர்.

"ரிட்டயர்மென்ட் டென்ஷன். எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வேர்த்துது" என்றார் கிருமியின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறவர்.

"சைனஸ்" என்றார் இன்னொருவர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

மலேரியா என்ற சொல்லை அந்தக் கட்டிடத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. கதவு, அலமாரி, கோப்பு, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் அந்தச் சொல் எழுதியிருந்தது. வாயில்தான் வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு அத்தாட்சி உண்டு. துறைக் கூட்டங்களெல்லாம் மெல்ல மெல்ல செவ்வாய், வியாழன் என்று சார் நன்றாக இருக்கிற நாட்களுக்கு நகர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை நடுவில் வந்து முறை மாறியபோது, அதற்கேற்ப திங்கள், புதன் என்று மாற்றினார்கள். நாட்காட்டி எங்களைவிட நல்ல டாக்டராக இருந்தது. என் வாய்மொழித் தேர்வையும் ஒரு நல்ல நாளாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

சாருடைய மனைவி ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்போம். ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தார்.

"ஏம்மா, இவருக்கு ராத்திரியெல்லாம் உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு. சாப்பாடு இறங்கல. டாக்டர்ட்ட போலாம்னா, 'என் டிபார்ட்மென்ட்ல இத்தனை பேர் இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா'ங்கறாரு. நீங்கல்லாம் என்ன சொல்றீங்க?"

"ஏசின்னு சொல்றாங்க, டீச்சர்."

"சரி" என்று வைத்துவிட்டார். பதில் தெரியாத பிள்ளையிடம் சொல்கிற 'சரி' அது. எனக்குக் காது சுட்டது.

தேர்வுக்கு முந்தின நாள் சார் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். வைட்டமின் சி மட்டும் போதாது, ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிற ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவும் வேண்டும், அதில் அவருடையது ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது, அட்டவணையில் ஓட்டை தெரிகிறது, இப்போதே எடு என்றார். எடுத்தேன். கை எலும்பாக இருந்தது. கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளாக இருந்தது. கீழ் இமையைப் பார்த்தால் ரத்தமே இல்லை. குழாயில் மிச்சமிருந்த ஒரு சொட்டை யாரும் சொல்லாமலே ஸ்லைடில் தடவினேன். சாயம் போட்டுக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் கிருமி. ஊதிப் பெருத்த சிவப்பணுக்களுக்குள் மோதிரம்போல, அமீபாபோல, பாடப்புத்தகத்தில் அச்சடித்த படம்போலத் தெளிவாக இருந்தன. முதலில் சாருக்காகத்தான் பயந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்காகவும் பயப்பட ஆரம்பித்துவிட்டேன். இந்த ஸ்லைடு உண்மையென்றால் அவர் ஆரோக்கியமானவர் இல்லை, நோயாளி. ஆகாயத்தில் நிற்கிற அந்தப் புள்ளியைத் தூக்கி நோயாளிகள் பக்கம் வைத்தால் ஆய்வு முழுவதும் படுத்துவிடும். எந்தப் பக்கமும் வைக்காமல் தூக்கிப் போட்டாலும் எழுந்திருக்காது. அதோடு என் பட்டமும் போய்விடும்.

ஸ்லைடைக் கொண்டுபோய் அவருடைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். குனிந்து பார்த்தார். நிமிராமலே பேசினார்.

"சாயத்துல அழுக்கு இருக்கு."

"அழுக்கு இல்ல சார்."

"ஸ்லைடு மாறியிருக்கும். கீழ லாரி டிரைவரோடது."

"அவரு குணமாகி வீட்டுக்குப் போயிட்டாரு சார்."

நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட பையனின் முகம்.

"சரி. இருக்கு. ஆனா நான் உனக்கு ரத்தம் குடுத்தப்போ ஆரோக்கியமாத்தானே இருந்தேன்?"

"அன்னைக்கே உடம்பு வலிக்குதுன்னு சொன்னீங்களே சார்."

"ஏம்மா, நாளைக்கு உன் வைவா. இன்னைக்கு நான் மாத்திரை வாங்கினா வார்டுல பதிவாகும். ஊரெல்லாம் தெரியும். நாளைக்கு முடியட்டும். நாளைக்கு நான் நல்லாத்தான் இருப்பேன், நாளைக்கு என் முறை இல்ல. நீ டாக்டராயிட்டு வெளிய வந்ததும் நானே கீழே இறங்கிப் போயிடறேன். ஒரே ஒரு நாள். உனக்காகவும்தான் சொல்றேன்."

முறை இல்லை! அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இத்தனை நாளும் அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் "சரி சார்" என்றுதான் சொன்னேன். பட்டம் எனக்கு வேண்டியிருந்தது. ஆறு வருஷம். ஒரு நாள்தானே என்று என் மனமும் அவரைப்போலவே பேசியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒரு ஆளால் ஆகாது. மறைக்கிறவர் ஒருவர் வேண்டும், சோறு போடுகிறவர் ஒருவர் வேண்டும்.

மறுநாள் காலையில் வெளித் தேர்வாளர் அம்மாளின் பயணம் தடைப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது. தேர்வு ஒரு நாள் தள்ளிப்போனது. சாருடைய முறை நாளுக்கே போய்ச் சேர்ந்தது, அதுவும் மதியம்.

தேர்வு மண்டபத்தில் துறை முழுவதும் கூடியிருந்தது. என் கணவரும் மாமியாரும் மூன்றாவது வரிசையில் நல்ல உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரும் வந்து முதல் வரிசையில் கணவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். எலுமிச்சை சார் கம்பளிச் சட்டை போட்டு, அதன்மேல் கோட்டு போட்டு, கழுத்தில் துண்டும் சுற்றியிருந்தார். கூடியிருந்த நிபுணர்களில் ஒருவர் எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு வந்தார். எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டோம். சார் மட்டும் துண்டை இறுக்கினார்.

வெளித் தேர்வாளர் ஒல்லியான பெண்மணி. குரல் உயராது. அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. நான் பேசி முடித்ததும், திரையிலிருந்த வரைபடத்தை நோக்கிப் பேனாவை நீட்டினார்.

"இந்த ஒருத்தர் மட்டும் மேல தனியா நிக்கறாரே. யாரு இவரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாரிடமிருந்து பதில் வந்தது.

"ஆ... ஆ... ஆரோக்கியமானவர்" என்றார். பல் தந்தியடித்தது.

"இவரை எடுத்துட்டா வித்தியாசம் நிக்குமா?"

"எ... எதுக்கு எடுக்கணும்?"

தேர்வாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கன்ட்ரோல்ல, அதாவது ஆரோக்கியமானவங்க பட்டியல்ல, சேர்த்த எல்லாருக்கும் ஸ்லைடு பாத்தீங்களா? கிருமி இல்லைன்னு உறுதியாத் தெரியுமா?"

'பார்த்தோம் மேடம்' என்று சொன்னால் போதும். இரண்டே சொல். மூன்றாவது வரிசையில் என் மாமியார், மருமகளுக்குப் பதில் தெரியும் என்ற நம்பிக்கையில் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நான் சாரைப் பார்த்தேன். மேஜையைப் பிடித்திருந்த அவருடைய கையால் மேஜையே ஆடியது. மேலே இருந்த தண்ணீர்க் கோப்பை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை நிபுணர்களும் அந்தக் கோப்பையைப் பார்த்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இந்த மனுஷன் இங்கேயே செத்தாலும் இவர்கள் ஏசி என்றுதான் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

"எல்லாருக்கும் பாக்கல மேடம். ஒருத்தருக்கு மட்டும் முந்தாநாள்தான் பாத்தேன். கிருமி இருக்கு. நிறைய இருக்கு."

"யாருக்கு?"

"அந்த மேல இருக்கற புள்ளிக்கு. இதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்காரு."

கோப்பை கீழே விழுந்தது. அதன் சத்தம் அடங்கியதும் சைனஸ்காரர், "நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

எலுமிச்சை சார் எழுந்து நின்று என்னவோ மறுக்கப் பார்த்தார். கால் மடிந்தது. டீச்சர் வந்து அவருடைய கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். காலையில் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்க வைக்கிற குரலில், "நடங்க" என்றார். அவர் நடந்தார். மலேரியாத் துறையிலிருந்து மலேரியா வார்டுக்கு ஒரு மாடிப்படி இறங்க வேண்டியதுதான் தூரம். முப்பது வருஷத்தில் நோயாளியாக அதில் அவர் இறங்கியது அன்றைக்குத்தான்.

தேர்வாளர் அம்மாள் பேனாவை மூடினார். "ஆய்வு கெட்டுப்போகலம்மா. முடிவு தப்பு, அவ்வளவுதான். அவரை நோயாளிகள் பக்கம் வச்சு, வர்ற உண்மைய எழுதுங்க. வழிகாட்டி கையெழுத்தோட இந்தப் பருவம் முடியறதுக்குள்ள வந்தா நான் பட்டம் தர்றேன். கையெழுத்து இல்லாம வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அதோடு நிறுத்தவில்லை. மற்ற ஆரோக்கியமானவர்கள் எல்லோரையும் திரும்ப விரல் நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். கொசு எச்சில் நிபுணருக்கும் கிருமி இருந்தது. கொசு ஒழிப்பு ஆய்வாளர் வந்து கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாருடைய அறை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியை இழுத்தார். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க யாரோ எப்போதோ வைத்தது. அதில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. காரணம் ஏசிதான் என்று நிபுணர்கள் சொன்னது சரியாகிவிட்டது. அதில் அவர்களுக்கு ஏற்பட்ட திருப்தியை நான் என்னவென்று சொல்வது!

நான் புதிதாகக் கணக்குப் போட்டேன். வைட்டமின் சி நோயாளிகளிடம்தான் அதிகம், ஆனால் மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. தின்றவனிடம் இருந்தது, தின்னாதவனிடம் இல்லை. ஆறு வருஷ ஆராய்ச்சியின் முடிவு இது. இதைத்தான் அந்த லாரி டிரைவரும் ஒரு சுளையை நீட்டிச் சொன்னார். தாள்களை எடுத்துக்கொண்டு வார்டுக்கு இறங்கினேன்.

சார் கோடிக் கட்டிலில் இருந்தார். மருந்து ஆரம்பித்து இது முதல் முறை நாள். நடுக்கம் வர வேண்டிய மதிய நேரம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் அந்த நேரத்துக்கு வந்தது. அதைத் தாண்டியது. இன்னும் தாண்டியது.

"வரல" என்றார் சார். குரல் கம்மியிருந்தது. கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அது ஆடாமல் நின்றது.

"வரல சார்" என்றேன். இந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருந்தது. அவர் பிழைத்ததில் அத்தனையும் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று.

"கையில என்ன?"

கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் எதைப் படிக்கிறார் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது. முடிவுரைக்கு வந்ததும் தாள் அவருடைய மார்பில் இறங்கியது.

"அப்போ நான் நோயாளிப் பக்கமா?"

"ஆமா சார்."

"நான் சொன்ன வித்தியாசம்?"

"இல்ல சார்."

"என்னை எடுத்துட்டாலும்?"

"எடுத்துட்டாலும் இல்ல சார்."

"முப்பது வருஷம்மா" என்றார். என்னிடம் சொன்னாரா, மேலே சுற்றுகிற மின்விசிறியிடம் சொன்னாரா தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். மாத்திரை சாப்பிட்டதால்தான் இந்த மட்டும் தாங்கினீர்கள் என்றால் நம்பிவிடுவார். நாளைக்கே அதைப் பற்றி ஒரு புது ஆய்வும் தொடங்குவார். நான் வாயை மூடிக்கொண்டு பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை வலித்தது. இவர் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தால் நாளையிலிருந்து நான் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

வாங்கினார். தாளைத் தொடையில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, என் கையில் கொடுத்தார். அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்:

"அப்போ நான் ஃபெயிலா?"

டீச்சர் தலை நிமிரவில்லை. கையிலிருந்த விடைத்தாளில் ஒரு கேள்வியை அடித்து, ஓரத்தில் மதிப்பெண் போட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"உயிரோட இருக்கீங்க இல்ல? பாஸ்தான். பேசாம படுங்க."